ஊர்ப் பெயரை விற்கும் நாம் அந்த ஊருக்குப் போகிறோமா?



சென்ற தை மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அதே வாரத்தில் திருச்சியில் உள்ள எங்கள் மொத்தக் கடைக்கு ஒரு பெட்டி கடலை மிட்டாய் திரும்பி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவர் ஸ்ரீரங்கத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர். இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கிறார். அதுவரை ஒரு சாமானைக்கூடத் திருப்பியதில்லை. "என்ன, பூச்சி வெச்சிருக்கா? நமுத்துப் போச்சா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க முதலாளி. எங்க தெருவுல ஒரு டீச்சரம்மா இருக்காங்க, ரிட்டயர் ஆனவங்க. கோவில்பட்டிப் பக்கம் பொறந்தவங்களாம். பாக்கெட்டைக் கடையிலேயே பிரிச்சு ஒரு துண்டு வாயில போட்டாங்க. 'எங்க ஊர்ப் பேரு இருக்கு, எங்க ஊர் மிட்டாய் இல்லப்பா'ன்னு சொல்லிட்டு அப்படியே வெச்சுட்டுப் போயிட்டாங்க. காசைக்கூடத் திரும்பக் கேக்கல. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

அவர் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் கோவில்பட்டி. பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்தில் தயாரித்தவர் விலாசம். அந்த விலாசம் கோவில்பட்டிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் இந்தப் பக்கம், வேறு மாவட்டம். உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறது. நிகர எடை, தேதி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்கின்றன. சட்டப்படி அச்சடிக்க வேண்டியதையெல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். அந்தச் சரக்கை மூன்று வருடமாக வாங்கி, என் பில்லைப் போட்டு, சுமார் நாற்பது கடைகளுக்கு அனுப்பியவன் நான். ஒருநாளாவது ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேனா என்றால் இல்லை. சர்க்கரை வியாதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் சர்க்கரை வருவதற்கு முன்பிருந்தே நான் எந்தச் சரக்கையும் ருசி பார்ப்பதை விட்டுவிட்டேன் என்பதுதான் உண்மை.

கல்யாணத்துக்குக் காரில் போகலாம் என்றான் மகன். நான் ரயிலில் போகிறேன் என்று ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டேன். நான்குவழிச் சாலையில் காரில் போகிறவருக்கு ஊர் என்பது பச்சைப் பலகையில் ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் எல்லாம் பலகையாக வந்து பலகையாகப் போய்விடும். வழிநெடுக வேறு ஊர்களின் பெயரைத்தான் அதிகம் பார்க்கலாம். கும்பகோணம் டிகிரி காபி என்ற போர்டும் பித்தளை டபரா டம்ளரும் இல்லாத நெடுஞ்சாலை இன்று தமிழ்நாட்டில் உண்டா? பாலின் தரத்தை டிகிரி பார்த்து வாங்கிய காலத்தில் வந்த பெயர் அது என்பார்கள். இப்போது அந்தக் கடைகளில் டிகிரி பார்க்கிறார்களோ இல்லையோ, டபராவைப் பளபளவென்று துலக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் அந்த வழியில் ரயிலில் முதன்முதலாகப் போனது 1976-இல். எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த கையோடு தகப்பனார் என்னைக் கொள்முதலுக்குக் கூட்டிப்போனார். மீட்டர் கேஜ் பாதை, கரி இன்ஜின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மதுரை வருவதற்குள் வெள்ளை வேட்டி சாம்பல் நிறம் ஆகிவிடும். பாசஞ்சர் வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நின்று மூச்சு வாங்கும். நின்ற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தின்பதற்கு ஒன்று வரும். மணப்பாறையில் முறுக்கு, சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சும் காராச்சேவும், கோவில்பட்டியில் கடலை மிட்டாய், அதற்கும் தெற்கே போனால் கடம்பூரில் போளி. ஸ்டேஷன் பெயர்ப் பலகையை எட்டிப் பார்க்காமலே கூவுகிற குரலைக் கேட்டு எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

தகப்பனார் சாப்பாட்டுப் பிரியர் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் மோர்சாதம் போதும் என்பவர். ஆனால் வெளியூர் போனால் சரக்கு பார்ப்பதற்கு முன் அந்த ஊரில் ஒரு வேளை சாப்பிடாமல் மார்க்கெட்டுக்குள் நுழையமாட்டார். ஹோட்டல் சாம்பார் நீர்த்திருந்தால் அந்த ஊரில் துவரம் பருப்பு விலை ஏறியிருக்கிறது என்பார். சட்னியில் தேங்காய் குறைந்து பொட்டுக்கடலை கூடியிருந்தால் அதற்கும் ஒரு கணக்குச் சொல்வார். நாளிதழில் வருகிற விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத் தினம் படித்துவிட்டுத்தான் கடை திறப்பார். ஆனாலும் பேப்பரில் போட்டது நேற்றைய விலை, இலையில் போட்டது இன்றைய விலை என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தடவை திண்டுக்கல் வருவதற்குள் முறுக்குக் கூடை வந்துவிட்டது. ஒரு பாக்கெட் வாங்கினேன். மணப்பாறை முறுக்கை ஒரு தடவை அரைவேக்காடாக எடுத்து ஆறவைத்து இரண்டாம் தடவை எண்ணெயில் போடுவார்கள். அதனால்தான் அந்த மொறுமொறுப்பு. அந்த ஊர்த் தண்ணீரில் உள்ள இலேசான உப்புக் கரிப்பும் காரணம் என்பது ஊர்க்காரர்கள் சொல்வது. நான் வாங்கியது ஒரு வேக்காடு பண்டம். கூடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாங்க சார்" என்றார். பேரம் பேசாமல் விட்டேன். என் கடையில் நான் சொல்கிற பதிலும் அதுதானே.

விருதுநகரில் இறங்கினேன். கோவில்பட்டிக்கு மாலையில் வேறு வண்டி உண்டு. நாலைந்து மணி நேரம் பஜாரைச் சுற்றலாம் என்று எண்ணம்.

விருதுநகரைப் பற்றி நம் இதழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விருதுபட்டியாக இருந்து 1923-இல் விருதுநகர் ஆன ஊர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. பெரிய ஆறு இல்லை, துறைமுகம் இல்லை. விலையை மட்டும் அந்த ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. வியாபாரத்தில் மகமை பிடித்து அதிலேயே பள்ளிக்கூடமும் கோயிலும் நடத்திய வணிகர்கள் இருந்த ஊர். காமராஜர் 1903-இல் பிறந்த ஊரும் அதுதான்.

ஒரு காலத்தில் மாசி, பங்குனியில் புது வத்தல் இறங்கும்போது அந்தத் தெருவில் தும்மாமல் நடக்க முடியாது. தகப்பனார் மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி வத்தலை எடுப்பார். காதருகே வைத்துக் குலுக்குவார். விதை கலகலவென்று ஆடினால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. சத்தம் அமுங்கினால் ஈரம் நிற்கிறது, எடையில் நமக்குத் துண்டு விழும். பிறகு ஒன்றை ஒடித்து முகர்வார், நுனியைக் கிள்ளி நாக்கில் வைப்பார். மல்லியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். துவரம் பருப்பைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். சாத்தூர் சம்பா வத்தலையும் ராமநாதபுரம் முண்டு வத்தலையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். முண்டு உருண்டையாக இருக்கும், கையிலேயே தெரியும், அது பெரிய வித்தை இல்லை. ஒரே சம்பாவில் இது போன வருடத்துச் சரக்கு, இது இந்த வருடத்துச் சரக்கு என்று சொல்வாரே, அதுதான் வித்தை. அந்த வித்தையில் கால்வாசிதான் எனக்கு வந்தது. என் மகனுக்கு அதுவும் வரவில்லை. அவனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. நான் கூட்டிப்போகவில்லை.

தகப்பனாருக்குச் சரக்குப் பிடித்துக் கொடுத்த கமிஷன் கடை அதே இடத்தில் இருக்கிறது. திண்ணையும் மெத்தையும் போய் கண்ணாடிக் கதவும் நாற்காலியும் வந்திருக்கின்றன. அந்தக் காலத்து முதலாளியின் மகன் இப்போது கல்லாவில். என்னை அடையாளம் தெரியவில்லை. ஊரும் கடைப் பெயரும் சொன்ன பிறகு எழுந்து நின்று, "வாங்க அண்ணாச்சி, வாங்க. உங்க பில் மாசாமாசம் நான்தான் போடுதேன். ஆளைத்தான் இன்னைக்குப் பாக்கேன்" என்றார். பல வருடமாக அவரிடம் இலட்சக்கணக்கில் வாங்குகிறேன். அவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவர் முகம் தெரியாது. கைபேசியில் அவர் சாம்பிள் படம் அனுப்புவார், நான் கட்டைவிரல் படம் அனுப்புவேன், சரக்கு லாரி ஏறிவிடும்.

"இப்ப யாரு அண்ணாச்சி நேர்ல வாரா? நீங்க வந்து ஒரு பிடி அள்ளிப் பாத்தா எங்களுக்கும் ஒரு பயம் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்புத்தான், ஆனால் சரக்குப் பிடித்துக் கொடுக்கிறவரே அப்படிச் சொன்னார். புது வத்தல் இன்னும் இறங்கவில்லை. குளிர்பதனக் கிடங்கிலிருந்து எடுத்த மூட்டை ஒன்றைப் பிரித்துக் காட்டினார். நிறம் மாறாமல் நன்றாகவே இருந்தது. குலுக்கிப் பார்த்தேன், சத்தம் வந்தது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் காது மறக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

மாலையில் எண்ணெய் பரோட்டா. விருதுநகர் போய்விட்டு அதைச் சாப்பிடாமல் வந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மாவைத் தட்டிக் கல்லில் சுடாமல் எண்ணெயில் போட்டுப் பொரித்து, நொறுக்கி, மேலே தண்ணீராகச் சால்னாவை ஊற்றுவார்கள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்ததால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். 1976-இல் நான்கு சாப்பிட்டதாக ஞாபகம். தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், அவருக்கு அசைவம் ஆகாது.

சாத்தூரில் வண்டி நின்றபோது வெள்ளரிப் பிஞ்சு வரவில்லை. காராச்சேவு வந்தது. பூண்டு வாசமும் மிளகுக் காரமும் அப்படியே இருந்தன. அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் பதினேழு வகை இருந்தன, ஒன்றுகூட அந்தக் கரிசல் சீமைப் பண்டம் இல்லை. வட இந்தியப் பலகாரமும் ஐஸ்கிரீமும் போட்டார்கள். அது பெண் வீட்டார் இஷ்டம், விட்டுவிடுவோம்.

மறுநாள் காலையில் கடலை மிட்டாய் போடும் இடத்துக்குப் போனேன். தகப்பனாருக்குச் சரக்கு அனுப்பிய குடும்பம். இப்போது பேரன் நடத்துகிறார், நாற்பது வயது இருக்கும். பனையோலைப் பெட்டியில் கட்டி எங்களுக்கு வந்துகொண்டிருந்த சரக்கு. தகப்பனார் காலமான பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று யோசித்தால் தனியாக ஒரு காரணமும் இல்லை. வேறு ஒருவர் கடைக்கே கொண்டுவந்து இறக்கினார், கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார், ஒரு மாதம் தவணையும் கொடுத்தார். நீங்களாக இருந்தாலும் வாங்கியிருப்பீர்கள்.

அங்கே இப்போது கடலை வறுப்பது இயந்திரத்தில். தோல் நீக்குவதும் அப்படியே. பாகு மட்டும் இன்னும் கை வேலைதான். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டிப் பார்க்கிறார்கள். கல் மாதிரி சத்தம் வந்தால் பதம். அதற்கு முன் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பின்னால் இறக்கினால் கசக்கும். நடுவில் இருப்பது சில நொடிகள்தான். பாகில் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, கட்டையால் உருட்டி, சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டுவிட வேண்டும். மேலே கலர் போட்ட தேங்காய்த் துருவலைத் தூவுகிறார்கள். சுற்றுவட்டாரக் கரிசலில் விளைந்த கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர். "மானாவாரிக் கடலைக்குன்னு ஒரு இனிப்பு இருக்கு அண்ணாச்சி. அது வெல்லத்துல வாரது இல்ல" என்றார் அந்தத் தம்பி.

நான் கையோடு கொண்டுபோயிருந்த பாக்கெட்டை எடுக்கவில்லை. பையிலேயே இருந்தது. அவர் சூடு ஆறிய துண்டு ஒன்றை ஒடித்துக் கொடுத்தார். டக்கென்று இரண்டாக முறிந்தது. திருச்சியில் நான் ஒடித்துப் பார்த்தது முறியவில்லை, வளைந்தது. குளுக்கோஸ் பாகு சேர்த்தால் அப்படித்தான் வளையும் என்று பின்னால் அவரே சொன்னார்.

"நல்ல கடலை விலை ஏறிப் போச்சுன்னா பாகைக் கூட்டிக் கடலையைக் குறைக்கது ஒரு வழி. நாங்க அதைச் செஞ்சா இந்த ஊர்லயே ஒருத்தன் வாங்கமாட்டான். வெளியூர்ல செய்யுதவங்களுக்கு அந்தப் பயம் கெடையாது. திருச்சிப் பக்கம் எங்க ஊர்ப் பேர்ல வேற சரக்கு ஓடுதாம்லா? அங்க எங்களுக்கு ரெண்டு பார்ட்டி இருந்தாங்க. மூணு வருஷமா ஆர்டர் இல்ல. ரெண்டு பொம்பளையாளை வேலையிலருந்து நிப்பாட்டிட்டேன். அதுல ஒரு அம்மா எங்க தாத்தா காலத்துல இருந்து வெட்டுனவங்க" என்றார்.

மூன்று வருடம் என்று அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

கருப்பட்டிக் காபி வந்தது. உடன்குடிக் கருப்பட்டி, சீனி கலக்காதது என்று சொல்லிக் கொடுத்தார். (கருப்பட்டியில் சீனி கலக்கவில்லை என்று தனியாகச் சொல்லி விற்க வேண்டிய காலம் வரும் என்று நாம் நினைத்தோமா?) குடித்து முடிக்கும் வரை நான் பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சரக்கை ஓட்டினது நான்தான் தம்பி" என்று சொல்லி, பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து அவர் முன் வைத்தேன்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் பாக்கெட்டை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கேட்ட கேள்வி இதுதான்: "என்ன வெலைக்கு அண்ணாச்சி எடுத்தீக?"

சொன்னேன். மனக்கணக்குப் போட்டார். "அந்த வெலைக்கு எங்களுக்குக் கடலையும் வெல்லமும் மட்டுந்தான் வரும். கேஸு, கூலி, கரண்டு, பெட்டி எல்லாம் கைக்காசு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் ஒரு வியாபாரியாகப் பேசினார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் உறுப்பினர்களில் பலர் புவிசார் குறியீடு என்றால் தயாரிப்பாளர் சமாச்சாரம் என்று நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கான சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலைக்குத்தான் முதல் பதிவு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019-இல் பெற்றன. கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இல். மணப்பாறை முறுக்கு, ராமநாதபுரம் முண்டு வத்தல், உடன்குடிக் கருப்பட்டி மூன்றும் 2023-இல். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பொய்யாக அந்தப் பெயரைப் போடுகிறவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அப்படிப் பெயர் போட்ட சரக்கை விற்கிறவருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. தக்க எச்சரிக்கையுடன்தான் வாங்கினேன், யாரிடம் வாங்கினேன் என்பது இதோ என்று காட்டினால் தப்பிக்க வழி உண்டு. ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே வேறு மாவட்டத்து விலாசம் அச்சாகியிருக்கும்போது, எச்சரிக்கையாக இருந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஊருக்குத் திரும்பி இதையெல்லாம் சொன்னபோது மகன் ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்வி. "மைசூர்பாகு மைசூர்லேர்ந்தா வருது? அதை யாராவது பொய்னு சொல்றாங்களாப்பா?" என்றான். இரண்டு நாள் யோசித்தேன். மைசூர்பாகு என்பது இன்று ஒரு பலகாரத்தின் பெயர். வாங்குகிறவர் அது மைசூரில் செய்தது என்று நினைத்து ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. பம்பாய் மிட்டாய் பம்பாயிலிருந்து வருகிறது என்று குழந்தைகூட நம்பாது. கோவில்பட்டி அப்படி இல்லை. அந்தப் பெயருக்காகத்தான் வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும் பெயரில்லாத பாக்கெட்டை விட்டுவிட்டு இதை எடுக்கிறார், கூடுதலாகவும் கொடுக்கிறார். அந்தக் கூடுதல் பணத்தில் கோவில்பட்டிக்கு ஒரு பைசா போகவில்லை. எனக்கும் பெயர் போட்டவருக்கும் பங்கு. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. மகன் ஒப்புக்கொண்டானா என்றால், பாதி ஒப்புக்கொண்டான். "நாம நிறுத்தினா அடுத்த கடைக்காரர் ஓட்டுவாரு" என்பது அவனுடைய மீதிப் பாதி. அதுவும் நியாயம்தான், நடந்ததும் அதுதான்.

பெயர் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பேசினேன். உங்கள் ஊர்ப் பெயரையே போட்டுக் கொடுங்கள், எப்போதும்போல் எடுக்கிறேன் என்றேன். அச்சடித்த கவர் மிச்சம் இருக்கிறது என்றார், மார்க்கெட்டில் வேறு யாரும் கேட்கவில்லையே என்றார். கையிருப்பு எழுபது பெட்டியைத் திருப்பினேன், அதில் பாதிக்கு மேல் நட்டம் என் தலையில். இரண்டு மாதம் போக்குவரத்து இல்லை. பிறகு அவரே புதுக் கவருடன் வந்தார். வெறும் கடலை மிட்டாய் என்று போட்டு, விலாசத்தைக் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட்டிருக்கிறார். சொல்லப்போனால் அது மோசமான மிட்டாய் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விரும்பித் தின்கிறார்கள், விலையும் குறைவு.

கோவில்பட்டிச் சரக்கையும் தருவித்து இரண்டையும் தனித்தனி விலையில் வைத்திருக்கிறேன். கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். முன்பு பெயர் போட்ட சரக்கு மாதம் 60 பெட்டி ஓடியது. இரண்டாகப் பிரித்த முதல் மாதம் உள்ளூர்ச் சரக்கு 38, அசல் 11. அடுத்த மாதம் 40, 16. பழைய அறுபதை இன்னும் தொடவில்லை. விட்டுப்போன கடைகளில் மூன்று, பெயர் போட்ட பாக்கெட்டை வேறு இடத்தில் எடுக்கின்றன என்று கேள்வி. ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர் மட்டும் மாதம் இரண்டு பெட்டி அசல் எடுக்கிறார். டீச்சரம்மா வாங்கினார்களா என்று கேட்டேன். மகளுடன் சென்னைக்குப் போயிருக்கிறார்களாம், பங்குனியில் வருவார்களாம்.

இப்போது இருக்கிற ஒரே தொல்லை லாரி வாடகை. பத்துப் பெட்டி, பதினைந்து பெட்டி என்று தனியாக ஏற்றினால் பெட்டிக்கு விழுகிற வாடகை கட்டுப்படியாகவில்லை. முப்பது பெட்டிக்கு மேல் சேர்ந்து ஏற்றினால் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. நம் பெரிய கடைவீதியில் இன்னும் இரண்டு மூன்று மொத்தக் கடைக்காரர்கள் சேர்ந்தால் மாதம் இருமுறை ஒரே லோடாகத் தருவித்துப் பிரித்துக்கொள்ளலாம். அதே வண்டியில் சாத்தூர்ச் சேவும் உடன்குடிக் கருப்பட்டியும் வரும். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் நானே பேசி முடிக்கிறேன்.

வரும் மாசியில் புது வத்தல் இறங்கும்போது மகனையும் கூட்டிக்கொண்டு விருதுநகர் போகிறேன். உடன் வர நினைப்பவர்கள் வரலாம், முக்கியமாக இளையவர்கள். ரயில் டிக்கெட் அவரவர் செலவு. எண்ணெய் பரோட்டா என் செலவு.